ஆன்ட்டி கொடுத்த மாஸ்க்

பாட்டுக் கேட்க மரத்தில் புனல் மாதிரி ஹார்ன் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று செய்கிறேன் என்று ஒரு வாரமாக எங்கள் பிரேசர் டவுன் வீட்டு கராஜில் தேக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்க ஹார்ன் இன்று முடிந்தது.

நிமிர்ந்தால், மாடி வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலில் நிற்கிறார். கையில் காயப்போட்டு எடுத்த வெள்ளை பெட்ஷீட். அதன்மேல் மஞ்சளாகத் தூசு.

"பாரு தம்பி, ரோடு தோண்டறவங்க பண்ற வேலைய. தூசு கூட எப்பிடி மஞ்சளா இருக்கு. ராத்திரியெல்லாம் ஒரே இருமல்."

பெட்ஷீட்டில் தேக்கு வாசனை அடித்தது.

"ஆமா ஆன்ட்டி, ரொம்ப மோசம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் அதோடு விட்டிருக்கலாம். மாடிக்குப் போய்த் திரும்பவும் இறங்கி வந்தார்.

"உனக்கும் ஆவாதுப்பா. கதவைத் தெறந்து வச்சுட்டுதானே வேலை செய்யறே. இத மாட்டிக்கோ, சொல்ப ஜாக்கிரதையா இரு."

புது மாஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, இருமிக்கொண்டே படியேறினார்.

மாஸ்க் மூக்குக்குக் கச்சிதமாக இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டுதான் வலது பக்க ஹார்னைத் தேய்க்க வேண்டும்.

ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டே திருப்தியாக வாழ்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.