ஊரில் இல்லாதவர் வாங்கிய அடுப்பு

அப்துல் ஜலீலைக் குவைத்திலேயே அடக்கம் செய்த மூன்றாம் நாள், கூத்தாநல்லூரில் அவர் மனைவி ஹஃப்ஸாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது.

'அன்புள்ள அப்துல் ஜலீல், உங்கள் பொருள் புறப்பட்டுவிட்டது. சீக்கிரமே வீடு வந்து சேரும்.'

கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹஃப்ஸா வெள்ளைச் சேலையில் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும் என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. யாரிடமும் காட்டாமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

வரவேண்டிய பொருள் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஷவர்மா அடுப்பு. நட்டுக்குத்தாக நிற்கும் கம்பியில் கோழிக்கறியை அடுக்கிச் சுழலவிட்டு, பக்கத்தில் எரியும் காஸ் தீயில் வாட்டுகிற அடுப்பு. அப்படி ஓர் அடுப்புக்கு முன்னால்தான் ஜலீல் குவைத்தில் வருஷக்கணக்காக நின்றார்.

"அடுத்தவன் அடுப்புல வெந்தது போதும் புள்ள," என்று நோன்புப் பெருநாளன்று போனில் சொன்னார். "நம்ம ஊர்லயே ஒரு கடை போடுவோம். ஒரேயடியா வந்துர்றேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஹஃப்ஸாவின் அண்ணன் ஃபாஜிலை விட்டு மன்னார்குடி ரோட்டில் இளையபெருமாள் என்பவருடைய கடையைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்தார். அடுப்பை ஆன்லைன் கடை ஒன்றில் பார்த்தார். சென்னை விலையைவிட எவ்வளவோ குறைச்சல் என்று சந்தோஷப்பட்டு முழுப் பணத்தையும் கார்டில் கட்டினார். வந்தால் வாங்கி வைக்க ஆள் வேண்டுமே என்று ஹஃப்ஸாவின் நம்பரைக் கொடுத்தார். முதலில் அடுப்பு வரும், பின்னாலேயே நான் வருவேன் என்றார். அதற்குள் ஒரு மதியம், குவைத் கடையில் கூட்டம் நிற்கும்போதே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மையத்தை, அவர் உடலை, ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். காத்திருக்க வைக்க வேண்டாமென்று பெரியவர்கள் போனிலேயே பேசி முடிவெடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அங்கே அடக்கினார்கள். இங்கே பள்ளிவாசலில், உடல் முன்னால் இல்லாமலே தொழுகிற மறைவான ஜனாஸா தொழுதார்கள்.

ஹஃப்ஸாவுக்குக் கல்யாணமாகி, மகள் அனீஸா இப்போது பத்தாம் வகுப்பு. அத்தனை வருஷத்தில் ஜலீல் லீவில் வந்து வீட்டில் இருந்ததையெல்லாம் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. அவர் இல்லாத வீடு அவளுக்குப் பழக்கம். அதனால்தானோ என்னவோ, இறந்த பிறகும் வீட்டில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. கழற்றிப் போட்ட சட்டை இல்லை, வாசலில் செருப்பு இல்லை. முன்பும் இருந்ததில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போன் அடிக்காதது ஒன்றுதான் மாற்றம். அந்த நேரத்துக்கு இப்போது ஆன்லைன் கடையின் மெசேஜ் வந்தது.

'அப்துல் ஜலீல், உங்கள் பொருள் நாளை வரும்.' மறுநாள், 'அப்துல் ஜலீல், சிறிய தாமதத்துக்கு வருந்துகிறோம். நாளை வரும்.'

அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒருநாள் கூடத்து மூலையில் கிடந்த நெல் மூட்டைகளை நகர்த்தி வைத்தாள். மாமியார் சைத்தூன் பீவி எதற்கு என்று கேட்கவில்லை. காலி செய்த இடத்தைப் பார்த்தாள், ஹஃப்ஸாவைப் பார்த்தாள், பிறகு தானே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள்.

இடையில் கடையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அப்துல் ஜலீல் சார் கிட்டப் பேசணும் மேடம்."

"அவங்க ஊர்ல இல்லம்மா."

"எப்ப வருவாங்க மேடம்?"

ஹஃப்ஸா போனை அணைத்துவிட்டாள். அன்று முழுக்க அந்தக் கேள்வி காதுக்குள்ளேயே கிடந்தது.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம். அது பாதி கழிவதற்குள் கஜா புயல் வந்தது. தென்னைகள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தன. வீட்டுப் பின்கட்டின் ஓடுகள் பறந்தன. கரண்ட் கம்பங்கள் வயலில் படுத்துக்கிடந்தன. கூடத்தில் காலி செய்த மூலையில்தான் பாய் விரித்து மூன்று பேரும் ஒடுங்கியிருந்தார்கள். வாசல் கதவை யாரோ வெளியிலிருந்து தோளால் முட்டுவதுபோலக் காற்று முட்டியது.

"தெறந்து விடு புள்ள. நனைஞ்சுகிட்டு நிக்கிறான்," என்றாள் சைத்தூன் பீவி.

"யாரு மாமி?"

மாமியார் கதவைக் கையால் காட்டினாள். அனீஸா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டும் டவரும் வர வாரக்கணக்கானது. முதல் தடவையாகச் சார்ஜ் ஏறிய போனை ஹஃப்ஸா கையில் எடுத்தபோது அது நிற்காமல் அதிர்ந்தது. தேங்கிக் கிடந்த மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அப்துல் ஜலீல், நாளை வரும். அப்துல் ஜலீல், நாளை வரும். யாரோ வாசலில் நின்று பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுபோல இருந்தது. கடைசி மெசேஜில் மட்டும் பெயர் இல்லை. 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, எங்கள் சேவை நிறுத்தப்படுகிறது.'

மறுநாள் ஃபாஜில் வந்தான். லோடு வேன் ஓட்டுகிறவன், நாலு ஊர் சேதி தெரிந்தவன்.

"அந்தக் கடைக்காரன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் ஹஃப்ஸா. பேப்பர்லயே வந்துருச்சு. பணம் கட்டுனவன்லாம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறான்."

"அப்ப அடுப்பு வராதா?"

"அடுப்பாவது ஒண்ணாவது. பணத்தைப் பிடிக்கிற வழியைப் பாப்போம்."

வழி இரண்டு என்று விசாரித்து வந்து சொன்னான். கோர்ட் ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறது. அவருக்கு எழுதிக் கேட்கலாம். ஆனால் கோடி கோடியாகக் கடன் கொடுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள், நமக்கு ஏதாவது மிஞ்சினால் உண்டு. இன்னொன்று, கார்டு கொடுத்த பேங்க். பொருள் வரவில்லை என்று கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தால், கடை எந்த பேங்க் வழியாகப் பணம் வாங்கியதோ அதனிடமிருந்து திருப்பி வாங்கித் தருவார்கள். கெடு தை முடிவதற்குள் தீர்கிறது. கணக்கு ஜலீல், ஹஃப்ஸா இருவர் பேரிலும் இருக்கிறது. கார்டு மட்டும் ஜலீலுடையது.

"கார்டுக்காரன் கையெழுத்துக் கேக்குறான்," என்று ஃபாஜில் ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். குரலைத் தாழ்த்தினான். "மச்சான் தவறுனது பேங்குக்கு இன்னும் தெரியாது. நீயே அவர் மாதிரி போட்டுரு. அவரு காசுதானே, யாரை ஏமாத்துறோம்?"

அவன் போன பிறகு, உச்சி வெயிலில், ஹஃப்ஸா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். ஜலீல் தமிழில் கையெழுத்துப் போடுவார். 'ஜ'வின் வாலை நீளமாக இழுத்து, கடைசிப் புள்ளியைத் தாள் ஓட்டையாகிற மாதிரி அழுத்திக் குத்துவார். முதலாவது துளியும் ஒத்துவரவில்லை. இரண்டாவது கொஞ்சம் ஒத்துவந்தது. மூன்றாவது தடவை அவள் யோசிக்கவே இல்லை. பேனா தானாக ஓடியது. வால் நீண்டது, புள்ளி தாளைக் குத்திக்கொண்டு போனது.

அது ஜலீலின் கையெழுத்து. சந்தேகமே இல்லை. மை காயாமல் பளபளத்தது.

சற்றுமுன் அவர் இங்கே உட்கார்ந்து போட்டுவிட்டுக் கைகழுவ எழுந்து போனதுபோல இருந்தது. கொல்லைப்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. அனீஸா பாத்திரம் கழுவுகிறாள் என்று தெரிந்தும் ஹஃப்ஸாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்று பேங்குக்காக ஒன்று போட்டால், நாளை வேறு எதற்கோ போடவேண்டி வரும். அவர் வந்து வந்து போட்டுக்கொண்டே இருப்பார். சாவதற்கு விடமாட்டேன் என்கிறோமோ என்று தோன்றியது. தாளைச் சுருட்டிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். "நானே பேங்குக்கு வர்றேன்."

சைத்தூன் பீவி தாவி எழுந்தாள். "இத்தாவுல இருக்குறவ வாசல் தாண்டுறதா?"

ஃபாஜில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவந்தான். அவசியத்துக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றிருந்தார். அதைக் கேட்ட பிறகும் மாமியாரின் முகம் இளகவில்லை.

"அங்க போயி என்னன்னு சொல்லுவே?" என்று கேட்டாள்.

அதுதான் விஷயம் என்று ஹஃப்ஸாவுக்கும் தெரியும். அந்த வீட்டில் அந்த வார்த்தையை இருவருமே இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பேங்கில் பிரகதீஸ்வரி என்ற அதிகாரி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கார்டு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவங்கதாம்மா எழுதிக் குடுக்கணும். எங்க இருக்காங்க?"

"குவைத்துல."

பழக்கத்தில் வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை.

"அப்ப அங்கேருந்து ஒரு மெயில் போடச் சொல்லுங்க. அது போதும்."

அத்தோடு எழுந்து வந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் இருந்தது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். ஹஃப்ஸா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே அடக்கிட்டாங்க மேடம். அவங்க இறந்துட்டாங்க."

பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சேலையை அப்போதுதான் கவனித்ததுபோல இருந்தது. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். குவைத் சான்றிதழையும் அதன் மொழிபெயர்ப்பையும் வாங்கினாள். கூட்டுக் கணக்கில் உயிரோடு இருப்பவர் என்ற முறையில் ஹஃப்ஸாவே எழுதித் தரலாம், தலைமை அலுவலகத்துக்குத் தானே பேசுவதாகச் சொன்னாள். பிறகு தயங்கினாள்.

"தெரிஞ்ச பிறகு நான் சும்மா இருக்க முடியாதும்மா. கார்டை இப்பவே நிறுத்தியாகணும். நிறுத்தட்டுமா?"

"நிறுத்துங்க," என்றாள் ஹஃப்ஸா.

அவள் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். அது கோணலாக வந்தது.

கோர்ட் அதிகாரிக்கும் ஒன்று எழுதிப் போட்டார்கள். அங்கிருந்து பதிவெண் வந்ததோடு சரி. பேங்க் இரண்டு தடவை கூடுதல் விவரம் கேட்டது. இளையபெருமாள் அட்வான்ஸைப் பிடித்தம் இல்லாமல் ஃபாஜிலிடம் கொடுத்துவிட்டு, கடையை வேறு ஆளுக்கு விட்டார்.

இத்தா முடிந்து ஹஃப்ஸா முதல் தடவை மன்னார்குடி ரோட்டில் போனபோது அந்தக் கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே இருட்டில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். பனியன் வியர்வையில் ஒட்டியிருந்தது. கை மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக, கறி சீவுவதுபோல அசைந்தது. ஹஃப்ஸா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். அவர் திரும்பினார். சுண்ணாம்பு அடிக்கிற ஆள்.

"யாரைம்மா பாக்கணும்?"

"யாருமில்ல," என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு கால் நகர வெகுநேரம் ஆனது.

வெயில் காலம் பிறந்து பணம் வந்தது. முழுப் பணமும், ஒரு ரூபாய் குறையாமல். அஸர் நேரத்தில் போன் அதிர்ந்தது. கணக்கில் வரவு. மாதாமாதம் குவைத்திலிருந்து பணம் ஏறும்போது வருகிற அதே வாசகம், அதே பேங்க். அந்தச் சத்தம் சைத்தூன் பீவிக்கும் பழக்கம். கட்டிலில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டானா?"

அத்தனை வருஷமும் கேட்ட கேள்விதான். குரலில் அதே சாதாரணம். ஹஃப்ஸா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். மாமி ஒரு தேநீர் கேட்பாள், குடிப்பாள், பொழுது போய்விடும்.

அவள் கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க அனுப்பல மாமி. கடைக்காரன்கிட்டேருந்து பேங்க் வாங்கிக் குடுத்தது. அவங்கதான் மவுத்தாயிட்டாங்களே."

சைத்தூன் பீவி மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உடம்பு மெல்ல ஆட ஆரம்பித்தது. புயலிலும் அழாதவள், துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலும் அழாதவள், அன்றைக்குத்தான் மகனின் பெயரைச் சொல்லி அழுதாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அனீஸா பையைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றாள். ஹஃப்ஸா மாமியாரின் கால்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.