வாரேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: வகுப்பைப் பார்வையிட வந்த வெளிநாட்டு மேடம். அவர் பாஷையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். ஹெட்மிஸ்ட்ரஸ். பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். கதவோரம் அட்டெண்டர் நான்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஜனங்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். சனிக்கிழமைதோறும் இந்த வகுப்பு. நடத்துவது ஐரோப்பாவில் ஒரு நாட்டின் கலாசாரச் சங்கம். செலவு அந்த நாட்டு அரசாங்கத்துடையது. புத்தகம் இலவசம், பை இலவசம். பையில் அவர்கள் கொடி.

"எதுக்கு சார் சும்மா சொல்லிக் குடுக்காவ?" என்று வாத்தியாரிடம் முன்பே கேட்டிருந்தேன்.

"அவிய பாஷை நாக்குல ஒட்டுனா, அவிய ஊரும் மனசுல ஒட்டும்லா அண்ணாச்சி. அதான் கணக்கு."

எனக்குப் பிடிபடவில்லை.

மேடம் சங்கத்துக்கு எழுதும் ரிப்போர்ட்டில்தான் எல்லாம். பிள்ளைகளுக்கு அவர் நாட்டின்மேல் ஆசை வரவில்லை என்று எழுதினால் வகுப்பை மூடிவிடுவார்கள். வாத்தியாருக்கும் எனக்கும் வேலை கிடையாது.

மேடம் அவர் பாஷையில் கேள்வி கேட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. "நம்ம கதை முடிஞ்சிது" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என் காதில் சொன்னார். நான் மணி அடித்தேன்.

மேடம் கதவருகே வந்து நின்றார். வெளியே போன ஒவ்வொரு பிள்ளையும் அவர் முகத்தைப் பார்த்து, அவர் பாஷையிலேயே ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியாரிடம் என்னவோ கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். மேடம் எழுதிக்கொண்டார்.

அந்தச் சொல் என்னால் வந்தது. வகுப்பு ஆரம்பித்த முதல் சனிக்கிழமை, மணி அடித்ததும் முத்துமாரி என்ற பிள்ளை "போறேன் அண்ணாச்சி" என்றாள்.

"ஏட்டி, போறேன்னு சொல்லக் கூடாது. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

அவள் திரும்பி ஓடி, வாரேன் என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன என்று வாத்தியாரிடம் கேட்டுவந்து சொன்னாள். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் கதவில் அதைத்தான் சொல்வார்கள்.

கார் போன பிறகு, "அவிய என்ன கேட்டாவ சார்?" என்றேன்.

"எல்லாரும் எங்க நாட்டுக்கு வாரேன்னு சொல்லுதாங்களான்னு கேட்டாவ. ஆமான்னுட்டேன்."

"பொய்லா சார்?"

"வாரேன்னுதான சொன்னாங்க? போறதுக்குப் பேரு நம்ம ஊர்ல வாரதுன்னு அவியகிட்ட எப்பிடி வெளக்க?"

வகுப்பு நீடித்தது. வேலையும் இருக்கிறது. பொய் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். நம் ஊர்ப் பேச்சு அடுத்தவர் காதில் என்னவாக விழும் என்று ஒருதடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சங்கத்திலிருந்து தாள் வந்தது. அவர்கள் நாட்டுக்கு வர விரும்புகிற பிள்ளைகள் இருபத்துமூன்று என்று வாத்தியார் படித்துக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை, மதுரை தாண்டிப் போனவர்கள் கை தூக்குங்கள் என்று நானே கேட்டேன்.

இரண்டு.