செக்யூரிட்டி அக்கா தொடாத பொத்தான்

எங்கள் ஓசூர் கல்லூரி கேட்டில் ஒரு செக்யூரிட்டி அக்கா இருந்தார். அளவு பெரிதான தொப்பியை ஹேர்பின் குத்தி நிறுத்தியிருப்பார். வருகிறவர் வாயைத் திறக்குமுன் முகத்தைப் பார்த்தே தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ பேசத் தொடங்கிவிடுவார், தவறியதாக நினைவில்லை. அவருடைய சொந்த மொழி எதுவென்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது.

கடைசி வருட புராஜெக்டுக்காக, கேட்டுக்கு வருகிறவர்களின் பெயரைப் பதியும் ஆப் ஒன்றைச் செய்திருந்தேன். மறுநாள் ரெவ்யூ. ஆப்பைத் திறந்ததும் மூன்று மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்தத் திரைமேல் எனக்குத் தனிப் பெருமை. போனை அக்காவிடம் கொடுத்தேன். அவர் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“ஒண்ணத்தான் தொடணுமா கண்ணு?”

“ஆமாக்கா. ஒரு தடவை தொட்டாப் போதும், அப்புறம் அதுலயே ஓடும்.”

“அப்ப மத்த ரெண்டு பாஷைக்காரங்க வந்தா வெளியவே நிக்கட்டுமா?”

எரிச்சலோடுதான் போனை வாங்கினேன். ஆனால் அன்றே அந்தத் திரையைத் தூக்கிவிட்டு, மூன்று பொத்தான்களையும் எல்லாப் பக்கங்களிலும் வைத்தேன். ரெவ்யூ எடுத்த மேடம் நிமிர்ந்து பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

கல்லூரி முடிந்து கிளம்பிய நாளில் கேட்டேவிட்டேன்: “உங்க வீட்டுல என்ன பாஷைக்கா?”

உள்ளே வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தியபடியே சொன்னார்: “யாரு வந்திருக்காங்களோ, அவங்க பாஷை.”