பூவால் அணைத்த பிறந்தநாள் விளக்கு

போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் மெழுகுதிரி கிடைக்கவில்லை. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு, மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்துக் கேக் சுட்டேன். அதற்குச் சீனி சேர்க்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பீட்ரூட் சாறு கலந்த ஐசிங்கில் ஒரேயொரு பூப் போட்டு, பக்கத்தில் சின்ன மண்விளக்கு ஏற்றினேன்.

பிள்ளை ஊதவில்லை.

"ஊது பிள்ளை, எண்ணெய் முடியுது!" எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டேன்.

அவள் கண் கலங்கியது. "விளக்கை வாயால ஊதப்படாது, பூவாலதான் அணைக்கவேணும் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்?"

பிறகு ஐசிங் பூவை மெதுவாகக் கிள்ளியெடுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாகப் பூவைத் திரியில் வைத்தோம்.

இப்போது மெழுகுதிரி தாராளம். ஆனாலும் நான் செய்யும் பிறந்தநாள் கேக்கில் ஒரு பூ மேலதிகமாகவே இருக்கும்.