அறுந்துபோன ஒரு சாண் நாடா

மிக்ஸியைக் கெடுத்தது நான்தான். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று திறந்தேன். மூடியபோது மூன்று திருகாணி மிச்சம். அதன் பிறகு சத்தமே இல்லை, அந்த வகையில் வெற்றிதான். "அப்பா டிங்கரிங் பண்ணியாச்சு" என்று மகள் வீட்டுக்கு அறிவித்தாள்.

அவமானத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அகராதி. டிங்கர் என்பவன் முதலில் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்தவன். தகரத்தில் சுத்தியல் விழும் ஓசையே பெயராயிற்று என்கிறார்கள் சிலர்; உறுதியில்லை என்கிறார்கள் மற்றவர்கள். ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட்டிருப்பான் போல; போகப் போக, வேலை தெரியாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பதற்கே அந்தச் சொல் வந்துவிட்டது. நசுங்கிய காரை நிமிர்த்தும் நம்மூர்க்காரர்கள் அதை மரியாதையாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிஞ்சியது மற்றப் பொருள்தான்.

திறந்த மிக்ஸியிலிருந்து சூடேறிய ரப்பர் வாசம் வந்தது பாருங்கள், அது ராஜம் மைனியின் டேப் ரிக்கார்டர் வாசம். நெய்யூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து வீடு; அண்ணியை அந்தப் பக்கம் மைனி என்பார்கள். கணவர் செல்வண்ணன் சவுதியில். அவர் கடிதம் எழுத மாட்டார். கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் அந்தக் குரல்தான் மைனிக்குக் குடும்பம்.

ஒருநாள் மதில் வழியாகக் கூப்பிட்டாள். "தம்பி, ஓடி வா. அண்ணனுக்க சத்தத்த மெஷினு தின்னுது."

ஏற்கெனவே அவர்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் திறந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு; அது பிறகு சூடாகவே இல்லை என்ற செய்தி சவுதி வரை போயிருந்தது. பென்சிலை விட்டுப் பொறுமையாகச் சுற்றியிருந்தால் நாடா வந்திருக்கும். நிபுணன் அல்லவா, குறடு கேட்டேன்.

"பதுக்க இழு மக்கா. இன்னும் ஒரு மட்டம் கூட முழுசா கேக்கல்ல."

அறுந்தது. கசங்கிய ஒரு சாண் நீளத்தை வெட்டியெறிந்து, செல்லோடேப் ஒட்டிப் போட்டுக் காட்டினேன். செல்வண்ணன் பேசினார்: "ராஜம், ஒரு காரியம் சொல்லுதேன், மனசுல வச்சுக்க." கர்ரென்று ஓர் ஓசை. "மறந்திராத, என்ன? அம்மைக்குத் தைலம் குடுத்து விட்டிருக்கேன்."

மைனி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடுவது மதில் தாண்டிக் கேட்கும். கர்ர் வரும்போதெல்லாம் நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிடுவேன். கடிதம் எழுதிக் கேளுங்களேன் என்றேன். "அதெல்லாம் எழுதிக் கேக்குத காரியமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று கேசட்டும் இல்லை, அதைச் சுமந்துவரும் ஆளும் இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து தினமும் முகம் காட்டிப் பேசுகிறார்கள். சரியாகக் கேட்காவிட்டால் "என்ன சொன்னே?" என்று அப்போதே கேட்டுவிடலாம். ஒரு வாக்கியத்துக்காக யாரும் ஒரு வருஷம் காத்திருப்பதில்லை.

மைனி காத்திருந்தாள். அண்ணன் லீவில் வந்ததும் நானே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அங்கே என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். "வேற என்னடே, மெஷினு கேடாச்சுன்னா உனக்க கையில மட்டும் குடுக்காண்டாம்னு சொன்னேன்."

காப்பி கொண்டுவந்த மைனி வாசலிலேயே நின்றாள். பிறகு டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"இதுக்கா நான் ஒரு வருசமா என்னெல்லாமோ நெனச்சேன்?"