என் குரலைக் குடித்த குளிர்

கொடிகாமம் சந்தையில் அந்தக் காலத்தில் என் குரலைக் கேட்காத வியாபாரி இல்லை. நான் ஏலம் கூறியவன். நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. மூட்டை சுமக்கத்தான் முதலில் சந்தைக்குள் போனேன். ஏலம் கூறுகிற பெரியவர் சளியில் படுத்திருந்த ஒரு நாள், சும்மா கத்திக்கொண்டு திரிந்த என்னைப் பிடித்து வாழைக்குலைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் எழும்பி வந்த பிறகும் குலை கொண்டுவந்த தோட்டக்காரர் என்னைத்தான் கேட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? குரல் எனக்கல்லவா இருந்தது.

சும்மா சொல்லவில்லை, ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவனுக்கும் நான் கூறுகிற விலை கேட்கும். கரவெட்டிப் பக்கமிருந்து வெங்காயம் கொண்டு வருகிறவர்கள் நான் வரும்வரை மூட்டையை அவிழ்க்காமல் இருப்பார்கள். கல்வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிப்பித்தது எல்லாம் இந்தத் தொண்டையால்தான்.

எங்கள் ஏலத்தில் ஒரு கட்டு உண்டு. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூற வேண்டும். மூன்றாவது கூறல் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். கேட்டால் பொருள் அந்த விலைக்கு விழுந்துவிட்டது, பிறகு கடவுள் வந்து கேட்டாலும் இல்லை. கேட்காவிட்டால் விழவில்லை. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. என் குரல்தான் சாட்சி.

அந்த நாளில் நான் சுருட்டுக்காரன். சுருட்டுப் புகையை எங்கள் ஆட்கள் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயோடு வைத்து ஊதிவிடுவோம். தவறி உள்ளே போனால் தொண்டை பற்றி எரியும், கண்ணால் தண்ணீர் வரும். ஆனாலும் காலையில் கொஞ்சம் காறல் இருந்தது. அதை முதலில் கவனித்தவன் மனைவியின் தம்பி. சந்தை வாசலில் கடை வைத்திருந்தான்.

“அத்தான், உந்தக் காறலோடை எத்தினை நாளைக்குக் கூறப் போறியள்? உந்தச் சுருட்டை எறியுங்கோ. இதைப் பத்திப் பாருங்கோ” என்று பச்சைப் பெட்டி ஒன்றை நீட்டினான். கொழும்பு லொறியில் வந்த மென்தோல் சிகரெட்.

“என்னடாப்பா, பொம்பிளையள் பூசுற தைலம் மாதிரி மணக்குது?”

“அதுதான் அத்தான் விசயம். தைலத்திலை போடுற அதே சாமான்தான். தொண்டைக்கு மருந்து.”

இழுத்தேன். எரியவில்லை. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி ஒரு குளிர் நெஞ்சின் அடிவரை போனது. வாயோடு நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தால் இன்னும் குளிர்ந்தது. அன்றைக்கு ஏலத்தில் குரல் கண்ணாடி போல இருந்ததாக எனக்குத் தோன்றியது.

சந்தையில் விடுவார்களா?

“அண்ணை இப்ப குளிக்காமலே குளிர்மையா நிக்கிறார்!”

“உவர் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரியெல்லோ மணக்கிறார்!”

வீட்டிலும் சந்தோஷம். “இப்பதான் உங்களுக்குப் பக்கத்திலை இருந்து சோறு தின்னக்கூடியதாய் இருக்குது” என்று மனைவி சொன்னாள். சுருட்டுக்கு முகம் சுழித்தவள், பச்சைப் பெட்டி முடிந்தால் தானே தம்பியிடம் வாங்கி என் சட்டைப் பையில் வைத்துவிடுவாள். மருந்தென்றே அவளும் நம்பினாள். இருமல் வந்தால் ஒன்று பற்றவைப்பேன், இருமல் அடங்கும். ஏலத்துக்கு முன் ஒன்று, இடையில் ஒன்று, முடிந்ததும் ஒன்று. சுருட்டு ஒன்றை நாள் முழுக்க அணைத்து அணைத்துக் குடித்த மனிசன் நான். பச்சைப் பெட்டி மத்தியானத்துக்கே வெறுமையாகிவிடும்.

பிறகு சண்டை வந்து கொழும்புப் பாதை அடைபட்டது. குளிக்கச் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பச்சைப் பெட்டியும் இல்லை. பழைய சுருட்டுக்குத் திரும்பலாம், எங்கள் மண்ணில் போயிலைக்கா பஞ்சம் என்று நினைத்தேன். வாயோடு ஊதினால் ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு கேட்டது. உள்ளே இழுத்தால் எரிந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்தது. தலையிடித் தைலத்தைத் தொட்டுச் சுருட்டின் வாய்ப்பக்கத்தில் பூசினேன். குளிர்ந்தது! சுருட்டுப் புகை முழுதும் தடையில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கியது. என்னைப் பார்த்துச் சந்தையில் பல பேர் தைலம் பூசினார்கள். “அண்ணையின்ரை கண்டுபிடிப்பு” என்றார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஒரு மாம்பழக் காலம். மீசாலையிலிருந்து ஒருவர் அருமையான கறுத்தக்கொழும்பான் பழம் கொண்டுவந்து குவித்திருந்தார். சாவகச்சேரி வியாபாரி ஒருவர் நல்ல விலை கேட்டார். ஒருதரம் கூறினேன். இரண்டுதரம் கூறினேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. பிறகு இருமல். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அந்த இடைவெளியில் பின்னால் நின்ற ஒருவர் விலையைக் கூட்டிக் கேட்டுவிட்டார்.

“எனக்கெண்டு விழுந்திட்டுது! அண்ணை வாயைத் திறந்தவர், கண்டனியள்தானே?”

“வாயைத் திறந்தாப் போதுமோ? ஆருக்குக் கேட்டது?”

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ! விழுந்ததோ, இல்லையோ?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லத்தான் குரல் இல்லை. கடைசியில் ஒருவர் என் தோளைத் தொட்டு, “அண்ணை, நீங்கள் கொஞ்சம் இருங்கோ. ஆரும் வேறை ஆள் கூறட்டும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முன்பு அந்தப் பெரியவருக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

டொக்டர் டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். குழாயை வைத்து நெஞ்சையும் கேட்டார். நான் பச்சைப் பெட்டியைச் சொன்னேன், தைலத்தைச் சொன்னேன்.

“ஐயா, எரிஞ்சது உங்கட நன்மைக்கு. போதும், விடு எண்டு தொண்டை சொன்னது. உந்தக் குளிர் ஒண்டையும் மாத்தேல்லை, தொண்டையின்ரை வாயைத்தான் பொத்தினது. எரியாதபடியால் நீங்கள் ஆழமாய் இழுத்தியள், கூடவும் இழுத்தியள்.”

“அப்ப இருமல் அடங்கினது?”

“அடங்கேல்லை ஐயா. உங்களுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான். இனிக் குரல் பழையபடி வருமெண்டு நான் சொல்லமாட்டன்.”

சுருட்டு என்னை ஏமாற்றவில்லை. காறியது, எரித்தது, நாறியது. நான் உனக்கு ஆகாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் வாயில் ஏறியது. இதுவோ தடவிக் கொடுத்துக்கொண்டே அறுத்தது.

நேரே மச்சான் கடைக்குப் போனேன். கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் குரல்.

“நீ ஏன்ரா உந்தப் பச்சைப் பெட்டிச் சிகரெட்டை ஒரு நாளும் பத்தேல்லை?”

அவன் சிரித்தான். “எனக்கு உந்தக் குளிர் நெஞ்சை அடைக்கும் அத்தான். ஒருக்கா இழுத்துப் பாத்தனான், சரிவரேல்லை. விக்கிறதோடை சரி.”

“மருந்தெண்டு சொன்னியே?”

“கொண்டுவந்து தந்த ஆள் அப்பிடித்தான் சொன்னவர். நானென்ன டொக்டரே?” என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. போத்தலைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் இனிப்பை எடுத்து என் கையில் வைத்தான். “கோவியாதேங்கோ அத்தான். இதை வாயிலை போட்டு உமியுங்கோ. தொண்டைக்கு நல்லது.”

எறிந்திருக்க வேண்டும். அந்தக் கடைக்கு முன்னால், எல்லாரும் பார்க்க எறிந்திருக்க வேண்டும். ஆனால் மணம் முந்தி வந்துவிட்டது. வாயில் போட்டேன். நாக்கில் குளிர் பரவியது. என் கை என்னைக் கேட்காமல் சட்டைப் பைக்குள் போய் நெருப்புப்பெட்டியைத் தடவியது.