நங்கூரத்தைத் தூக்கச் சொன்னது யார்?

2014ஆம் ஆண்டு சித்திரை மாதம், சுவிஸில் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஓர் ஏரியில் இது நடந்தது. இத்தனை வருடம் கழித்தும், எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் வேலைக்குப் போவீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவன். பிறகு கட்டட வேலைக்குக் கல் ஏற்றும் கப்பலில் வேலை கிடைத்தது. கப்பலில் இரண்டே பேர்தான். ஓட்டுநரும் எங்கள் ஊர்த் தமிழர். அண்ணை என்று கூப்பிடுவேன். ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி, இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தவர்.

அன்று காலை கல் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், கரையில் இருக்கும் செம்மஞ்சள் விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியது. அது புயல் எச்சரிக்கை. அண்ணை உடனே கப்பலை ஒரு சிறு குடாவுக்குள் திருப்பி நங்கூரம் போட்டார்.

கல் நிறைந்த கப்பலின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழம்கூட இருக்காது. ஓர் அலை உள்ளே விழுந்தால், தண்ணீர் கல்லுக்குள் தங்கிவிடும். பாரம் கூடக் கூட அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். அதனால்தான் காற்று அடங்கும்வரை காத்திருப்பது. கரையில் நிற்பவர்களுக்கு நாங்கள் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். அடியில் ஊறும் தண்ணீரைப் பம்ப் போட்டு இறைக்க வேண்டும். கரையில் தேவாலயக் கோபுரமும் ஒரு பைன் மரமும் ஒரே நேரில் தெரிகின்றனவா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். விலகித் தெரிந்தால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த வேலைகளுக்கு நடுவில் கேஸ் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்தேன்.

"என்னடா, பருப்புக்கு உப்பே போடேல்லையோ?"

"உப்பு வேணுமெண்டால் கடல்ல கப்பல் ஓட்டுங்கோ, அண்ணை."

குடாவுக்குள் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நல்ல வெயில். மதியம் தாண்டியதும் என் போன் அடித்தது. மேலதிகாரி. புறப்படச் சொல்லி அண்ணையிடம் இரண்டு தரம் கேட்டும் அவர் முடியாது என்றதால், என்னைப் பிடித்திருக்கிறார். தண்ணீர் எப்படி என்று கேட்டார். அமைதியாக இருக்கிறது என்றேன்.

"பிறகென்ன? இங்கே ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள். நீங்கள் இரண்டு தமிழரும் அங்கே பிக்னிக் நடத்துகிறீர்களா? புறப்படச் சொல் அவனை."

"யா, செஃப்" என்றேன்.

செஃப் என்றால் இங்கே முதலாளி. குசினியில் பன்னிரண்டு வருடம் பழகிய வாய். முதலாளிகள் சொல்லி முடிக்குமுன்பே அந்த இரண்டு சொல்லும் வந்துவிடும்.

"அண்ணை, வாறம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ? லைட் மின்னுறது தெரியேல்லையோ?"

"தண்ணி தட்டு மாதிரிக் கிடக்கு. அவன் எங்களை நக்கலடிக்கிறான். வேலை போனால் உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு. நான் திரும்பக் கோப்பையெல்லோ கழுவவேணும்."

அவர் எஞ்சினை முடுக்கினார். பிறகு, "தூக்கு" என்றார்.

குடாவின் முனையைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. மலையிலிருந்து இறங்கும் சூடான காற்று அது. இரண்டாவது அலை விளிம்பைத் தாண்டிக் கல்லின் மேல் விழுந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.  பக்கவாட்டில் அலை அடித்தால் கவிழ்ந்துவிடும் என்று அண்ணை, இரண்டு அலைக்கு நடுவே இடம் பார்த்துக் காத்திருந்து, ஒரே மூச்சில் திருப்பினார். குடாவுக்குள் திரும்பி மறுபடி நங்கூரம் போட்டோம்.

யாரோ கரையிலிருந்து பார்த்து முறைப்பாடு செய்துவிட்டார்கள். அடுத்த நாள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே மேலதிகாரி, நல்ல பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "எச்சரிக்கை விளக்கு எரியும்போது நங்கூரத்தைத் தூக்கச் சொன்னது யார்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை ஒருதரம் என் பக்கம் திரும்பினார். பிறகு, கப்பலை ஓட்டியது நான், முடிவும் என்னுடையது என்றார். மேலதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தக் கிழமையே அண்ணையைக் கப்பலிலிருந்து இறக்கி, லொறி கழுவ விட்டார்கள்.

நாலு நாள் கழித்துத்தான் நான் போய், சொன்னது நீங்கள் என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். "தண்ணீர் எப்படி என்று கேட்டேன். அது குற்றமா?" என்று சிரித்தார். எதுவும் மாறவில்லை. அண்ணையிடம் போய் இதைச் சொன்னபோது, கையில் இருந்த தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே கேட்டார்: "அண்டைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையோ?"

மாத முடிவில் நான் வேலையை விட்டேன். அண்ணை மறுபடி கப்பல் ஏறவில்லை.

கரையில் கதிரையில் இருந்துகொண்டு அடுத்தவனின் நங்கூரத்தைத் தூக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த அறையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என் மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரியது, அதை ஆறவிட எனக்கு விருப்பமும் இல்லை.